கட்டளை வரியில் இணையத்தளப் பாதுகாப்புச் சான்றிதழ் பெறுதல்: சேர்ட்பொட் முழுமையான வழிகாட்டி

இணையத்தளம் ஒன்றுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் பெறுவதற்குப் பத்து நிமிடம் போதும். நீங்கள் நல்லூர்த் திருவிழாவுக்காக யாழ்ப்பாணம் போயிருக்கும் வாரத்திலும் அச்சான்றிதழ் ஒருவரும் தொடாமல் புதுப்பிக்கப்பட்டு, புதுப்பிக்கப்பட்டது வாசகரின் உலாவி வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் உண்மையான வேலை. கொழும்பில் ஒரு கடைக்கோ, ரியூசன் வகுப்புக்கோ, கோயிலுக்கோ தளம் அமைத்து, அதை வாடகைச் சேவையகம் ஒன்றில் தாமே பராமரித்து வருபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சேவையகத்தில் உபுண்டு இயங்குதளமும், பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் இன்ஜின்எக்ஸ் மென்பொருளும் இருப்பதாகவும், உங்களுக்கு நிர்வாகி அனுமதி இருப்பதாகவும் எடுத்துக்கொள்கிறேன்.

கட்டளைகளைத் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எப்படி உச்சரிப்போமோ அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கோடு, புள்ளி, சாய்கோடு முதலிய குறிகளை உள்ளபடியே இட்டு, சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சிட வேண்டும். இன்ஜின்எக்ஸ் என்பதை மட்டும் ஒலிப்படி எழுதிவிடாதீர்கள். அது என், ஜி, ஐ, என், எக்ஸ் என்ற ஐந்து எழுத்துகள். உதாரணம்.எல்கே என்று வரும் இடமெல்லாம் உங்கள் ஆள்களப் பெயரை இட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழை யார் தருகிறார்கள், அது எதைச் சான்றுரைக்கிறது

லெட்ஸ் என்க்ரிப்ட் என்பது இன்டர்நெட் செக்கியூரிட்டி ரிசேர்ச் குரூப் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு நடத்தும் சான்றிதழ் வழங்குநர். 2015 டிசம்பரில் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை கட்டணம் இல்லை. உங்கள் சேவையகம் அதனுடன் பேசும் நெறிமுறைக்கு அக்மி என்று பெயர், 2019இல் அது இணையத் தரநிலையானது. அந்த நெறிமுறையைப் பேசும் கருவிகளுள் மிகப் பரவலானது சேர்ட்பொட். அதைப் பராமரிப்பது எலக்ட்ரோனிக் ஃபுரொன்டியர் ஃபவுண்டேஷன்.

இச்சான்றிதழ் உங்கள் கடை நேர்மையானது என்றோ, நீங்கள் பதிவுபெற்ற வியாபாரி என்றோ யாருக்கும் சொல்வதில்லை. இந்த ஆள்களப் பெயரைக் கட்டுப்படுத்துபவரிடமே இந்தத் திறப்பு, அதாவது சான்றிதழுக்குச் சோடியான இரகசியக் கோப்பு, உள்ளது என்பது மட்டுமே அதில் அடங்கிய உறுதிமொழி. ஆகவே வழங்குநர் உங்களிடம் அடையாள அட்டை கேட்பதில்லை. பெயர் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதை இயந்திரத்தின் மூலம் மெய்ப்பிக்கும்படி கேட்கிறார். அந்த மெய்ப்பிப்பில்தான் பெரும்பாலானோர் இடறுகிறார்கள்.

கட்டளையைத் தொடுவதற்கு முன்

வழக்கமான சோதனையில், சேர்ட்பொட் உங்கள் தளத்தின் .வெல்-நோன்/அக்மி-சலஞ்ச் என்ற கோப்புறையில் ஒரு சிறு கோப்பை வைக்கும். லெட்ஸ் என்க்ரிப்ட் வெளியிலிருந்து, ஒரே நேரத்தில் உலகின் பல இடங்களிலிருந்து, 80ஆம் போர்ட் (சேவையகத்தின் எண்ணிட்ட வாசல்களுள் ஒன்று) வழியாக வந்து அக்கோப்பை வாசித்துப் பார்க்கும். இது பாதுகாப்பான இணைப்புக்குரிய 443ஆம் போர்ட்டில் நடப்பதாக நினைத்து 80ஐ மூடிவிடுபவர்கள் உண்டு. மூடக் கூடாது. 80இலிருந்து 443க்குத் திருப்பிவிடலாம், சோதனை அத்திருப்பத்தைப் பின்தொடரும்; ஆனால் 80இன் கதவு திறந்திருக்க வேண்டும்.

அந்தக் கதவு இரண்டு இடங்களில் பூட்டப்பட்டிருக்கக் கூடும். ஒன்று சேவையகத்துக்குள் இருக்கும் தீச்சுவர்:

சுடோ யூஎஃப்டபிள்யூ அலோ 80/டிசிபி
சுடோ யூஎஃப்டபிள்யூ அலோ 443/டிசிபி

மற்றொன்று, சேவையகத்தை வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் இருக்கும் வெளித் தீச்சுவர். உள்ளே எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே பூட்டியிருப்பதைப் பாராமல் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வது இத்தொழிலில் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் காரியம். இதைத் தவிர்க்க எளிய வழி, கைத்தொலைபேசியில் வைஃபையை நிறுத்திவிட்டு, டேட்டாவில் உங்கள் தளத்தைப் பாதுகாப்பற்ற எச்டிடிபி முகவரியில் திறந்து பார்ப்பதுதான்.

அடுத்து, ஆள்களப் பெயர் எந்தச் சேவையகத்தைச் சுட்டுகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகள். பின்வருவனவற்றை இட்டுப் பாருங்கள்:

டிக் +ஷோர்ட் உதாரணம்.எல்கே ஏ
டிக் +ஷோர்ட் உதாரணம்.எல்கே ஏஏஏஏ
டிக் +ஷோர்ட் உதாரணம்.எல்கே சிஏஏ

முதலாவது உங்கள் சேவையகத்தின் ஐபி முகவரியைத் தர வேண்டும். சான்றிதழில் சேர்க்கவிருக்கும் டபிள்யூடபிள்யூடபிள்யூ முன்னொட்டுள்ள பெயருக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டாவதை, அதாவது ஐபி ஆறாம் பதிப்பு முகவரியை, பலர் பார்ப்பதே இல்லை. பழைய சேவையகத்தை விட்டுப் புதியதற்கு மாறும்போது ஏ பதிவை மாற்றிவிட்டு ஏஏஏஏ பதிவை மறந்துவிட்டால், லெட்ஸ் என்க்ரிப்ட் ஆறாம் பதிப்பு முகவரியையே முதலில் நாடும். பழைய இயந்திரம் இன்னும் உயிருடன் இருந்து வேறொரு பதிலைத் தந்தால் சோதனை தோற்கும். இலங்கையில் உங்கள் வீட்டு இணைப்பு நான்காம் பதிப்பை மட்டும் பயன்படுத்துமானால், உங்கள் உலாவியில் தளம் ஒழுங்காகத் திறக்கும். ஆகவே பிழை எங்கே என்று விளங்கவே விளங்காது. பயன்படுத்தாத ஏஏஏஏ பதிவை அழித்துவிடுங்கள். எந்த வழங்குநர் உங்கள் பெயருக்குச் சான்றிதழ் தரலாம் என்ற பதிவைத் தேடும் மூன்றாவது கட்டளை பெரும்பாலும் வெறுமையாகவே திரும்பும், அது சரியே. ஏதாவது வந்தால் அதில் லெட்ஸ்என்க்ரிப்ட்.ஓஆர்ஜி என்ற பெயர் இருக்க வேண்டும், இல்லையேல் சான்றிதழ் மறுக்கப்படும்.

நிறுவுதல்

உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலும் சேர்ட்பொட் உண்டு. அது பெரும்பாலும் பழைய பதிப்பாக இருக்கும். அதை நீக்கிவிட்டு ஸ்னப் என்ற மென்பொருள் நிறுவும் கருவி வழியாக நிறுவுவதே சேர்ட்பொட்டைப் பராமரிப்பவர்கள் பரிந்துரைக்கும் முறை. இரண்டும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் எது ஓடுகிறது என்பதில் பின்னர் குழப்பம் வரும்.

சுடோ ஏபிடி ரிமூவ் சேர்ட்பொட்
சுடோ ஸ்னப் இன்ஸ்டோல் --கிளாசிக் சேர்ட்பொட்
சுடோ எல்என் -எஸ் /ஸ்னப்/பின்/சேர்ட்பொட் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/சேர்ட்பொட்

ஒத்திகை, பிறகு உண்மை

சேர்ட்பொட்டைப் பல வழிகளில் ஓட்டலாம். --இன்ஜின்எக்ஸ் என்று சொன்னால், அது உங்கள் அமைப்புக் கோப்பைத் தானே திருத்தி, சான்றிதழையும் தானே பொருத்திவிடும். முதல் தடவை செய்பவருக்கு இது போதும். --ஸ்டாண்ட்அலோன் என்றால், 80ஆம் போர்ட்டில் தானே ஒரு சிறு சேவையகமாக நின்று பதிலளிக்கும். இன்ஜின்எக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் அதற்கு இடமில்லை. நான் எப்போதும் --வெப்ரூட் முறையையே எடுக்கிறேன். என் அமைப்புக் கோப்பில் வேறொரு நிரல் கைவைப்பதை நான் விரும்புவதில்லை என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் இல்லை. ஆனால் இந்த விருப்பத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

வெப்ரூட் முறைக்கு முன், இன்ஜின்எக்ஸ் அமைப்பில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். புள்ளியில் தொடங்கும் கோப்புறைகளை எவருக்கும் காட்டாதே என்ற விதியைப் பாதுகாப்புக்காகப் பலர் எழுதி வைத்திருப்பார்கள். நல்ல விதிதான், ஆனால் சோதனைக் கோப்பு இருக்கும் கோப்புறையின் பெயரும் புள்ளியில்தான் தொடங்குகிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்களிக்காவிட்டால் 403 என்ற பிழை வரும்.

முதலில் ஒத்திகை:

சுடோ சேர்ட்பொட் சேர்ட்ஒன்லி --வெப்ரூட் -டபிள்யூ /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/உதாரணம் -டி உதாரணம்.எல்கே -டி டபிள்யூடபிள்யூடபிள்யூ.உதாரணம்.எல்கே --டிரை-ரன்

-டபிள்யூக்குப் பின் வருவது உங்கள் தளத்தின் கோப்புகள் உள்ள கோப்புறை. கடைசியில் இருக்கும் --டிரை-ரன் என்ற சொல்லை ஒருபோதும் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். உண்மையான சேவையில் ஒரு பெயருக்கான சோதனை ஒரு மணி நேரத்தில் 5 முறை தோற்றால், உங்கள் கணக்கு அப்பெயருக்குச் சற்று நேரம் காத்திருக்க வேண்டியதுதான். அதைவிடக் கடினமானது, அதே பெயர்த் தொகுதிக்கு 7 நாளில் 5 சான்றிதழ் மட்டுமே தரப்படும் என்ற எல்லை. பதற்றத்தில் ‘அழித்துவிட்டுத் திரும்ப எடுப்போம்’ என்று ஐந்து முறை செய்துவிட்டு, ஆறாவது முறை கதவு அடைபட்டு நிற்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். ஒத்திகை தனிச் சேவையகத்தில் நடப்பதால் இந்த எல்லைகளைத் தொடாது.

ஒத்திகை வெற்றி என்று வந்ததும், --டிரை-ரன் இல்லாமல் அதே கட்டளையை இடுங்கள். மின்னஞ்சல் முகவரி கேட்கப்படலாம், விதிமுறைகளுக்கு ஒப்புதல் கேட்கப்படும். முடிந்ததும் /இடிசி/லெட்ஸ்என்க்ரிப்ட்/லைவ்/உதாரணம்.எல்கே என்ற கோப்புறையில் நான்கு கோப்புகள் தோன்றும். அவற்றுள் உங்களுக்குத் தேவையானவை இரண்டு: ஃபுல்செயின்.பெம், பிரைவ்கீ.பெம். இன்ஜின்எக்ஸ் அமைப்பில்:

எஸ்எஸ்எல்_சேர்டிஃபிகேட் /இடிசி/லெட்ஸ்என்க்ரிப்ட்/லைவ்/உதாரணம்.எல்கே/ஃபுல்செயின்.பெம்;
எஸ்எஸ்எல்_சேர்டிஃபிகேட்_கீ /இடிசி/லெட்ஸ்என்க்ரிப்ட்/லைவ்/உதாரணம்.எல்கே/பிரைவ்கீ.பெம்;

ஃபுல்செயின் இருக்க வேண்டிய இடத்தில் சேர்ட்.பெம் என்று எழுதினால், உங்கள் மேசைக் கணினியில் தளம் சரியாகவே திறக்கக்கூடும்; உங்கள் சான்றிதழை வழங்குநரின் மூலச் சான்றிதழுடன் இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை உலாவி வேறெங்கிருந்தோ தேடி எடுத்துக்கொள்ளும். கைத்தொலைபேசியில் வரும் வாடிக்கையாளருக்கு மட்டும் எச்சரிக்கைத் திரை வரும். வெள்ளவத்தையில் கடைக்கு வரும் சனம் பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தான் தளம் பார்க்கிறது என்பதால், உங்களுக்குத் தெரியாமலே பாதிப் பேரை இழந்துவிடுவீர்கள்.

இன்னொன்று: இக்கோப்புகளை வேறிடத்துக்குப் படியெடுத்து, அமைப்பில் அந்தப் படியின் முகவரியைத் தராதீர்கள். லைவ் கோப்புறையில் இருப்பவை ஆர்க்கைவ் கோப்புறையில் உள்ள உண்மைக் கோப்புகளைச் சுட்டும் இணைப்புகள் மட்டுமே. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் இணைப்பு புதியதை நோக்கி நகரும், உங்கள் படி பழையதாகவே கிடக்கும்.

சுடோ இன்ஜின்எக்ஸ் -டி
சுடோ சிஸ்டெம்சிடிஎல் ரீலோட் இன்ஜின்எக்ஸ்

முதற்கட்டளை எழுத்துப்பிழை இல்லை என்று சொன்ன பிறகே இரண்டாவதை இடுங்கள்.

புதுப்பித்தல் என்ற நீண்ட கதை

சான்றிதழின் ஆயுள் 90 நாள். ஸ்னப் வழியாக நிறுவிய சேர்ட்பொட், நாளுக்கு இரண்டு முறை தானே எழுந்து, ஆயுளில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும் சான்றிதழ்களைப் புதுப்பிக்கும். அது உண்மையில் எழுகிறதா என்று பார்க்க:

சிஸ்டெம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்
சுடோ சேர்ட்பொட் ரினியூ --டிரை-ரன்

இவ்விரண்டையும் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று நானும் ஒரு காலத்தில் நிம்மதியாக இருந்தேன். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையின் தளம் என் பொறுப்பில் இருந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம், காலை ஒன்பது மணிக்கு முதலாளி அழைத்தார். “தம்பி, எங்கட சைற்றுக்குப் போனா பாதுகாப்பில்லை எண்டு வருது. சனம் எடுத்து எடுத்துக் கேக்குது, என்ன செய்தனீர்?” சேவையகத்துக்குள் போய் ‘சுடோ சேர்ட்பொட் சேர்டிஃபிகேட்ஸ்’ என்று கேட்டால், சான்றிதழ் இன்னும் 60 நாளுக்குச் செல்லும் என்கிறது, உலாவியோ நேற்றே காலாவதி என்கிறது. இரண்டும் உண்மையே. சேர்ட்பொட் ஒரு மாதத்துக்கு முன்பே புதிய சான்றிதழை வாங்கி வட்டில் வைத்துவிட்டது. இன்ஜின்எக்ஸ் தான் தொடங்கிய நாளில் வாசித்த பழைய சான்றிதழை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதையே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. அதனிடம் ‘புதியது வந்திருக்கிறது, திரும்ப வாசி’ என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

வெப்ரூட் முறையின் விலை இதுதான். --இன்ஜின்எக்ஸ் முறையில் அந்த மறுவாசிப்பைச் சேர்ட்பொட்டே பார்த்துக்கொள்ளும். வெப்ரூட்டில் நாம்தான் கொக்கி, அதாவது புதுப்பித்ததும் தானாக ஓடும் கட்டளை, போட வேண்டும்:

சுடோ சேர்ட்பொட் ரீகொன்ஃபிகர் --சேர்ட்-நேம் உதாரணம்.எல்கே --டிப்ளோய்-ஹூக் “சிஸ்டெம்சிடிஎல் ரீலோட் இன்ஜின்எக்ஸ்”

தட்டச்சிடும்போது இங்கே நேரான மேற்கோள் குறிகளை இடுங்கள். வளைந்தவற்றை முனையம் ஏற்காது. பல சான்றிதழ்கள் இருந்தால், /இடிசி/லெட்ஸ்என்க்ரிப்ட்/ரினியூவல்-ஹூக்ஸ்/டிப்ளோய் கோப்புறையில் அதே கட்டளையைக் கொண்ட ஒரு சிறு நிரலை, இயக்க அனுமதியுடன் வைத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

ஒத்திகை ஏன் என்னைக் காப்பாற்றவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டியது. ரினியூ --டிரை-ரன் என்பது சோதனையில் தேறுகிறோமா என்பதை மட்டுமே பார்க்கிறது. டிப்ளோய் கொக்கிகளை அது இயல்பாக ஓட்டுவதில்லை. எனவே கொக்கியில் எழுத்துப்பிழை இருந்தாலும், கொக்கியே இல்லாவிட்டாலும், ஒத்திகை வெற்றி என்றே வரும். கொக்கியில் எழுதிய கட்டளையைக் கையால் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

முன்பெல்லாம் காலாவதி நெருங்கினால் லெட்ஸ் என்க்ரிப்ட் மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூனில் அச்சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே வட்டில் இருக்கும் கோப்பைப் பாராமல், வாசகருக்குக் காட்டப்படும் சான்றிதழையே வெளியிலிருந்து பார்க்கும் ஒரு சோதனையை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். வேறொரு கணினியிலிருந்து:

எக்கோ | ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையண்ட் -கனெக்ட் உதாரணம்.எல்கே:443 -சேர்வர்நேம் உதாரணம்.எல்கே | ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -நோஅவுட் -டேட்ஸ் -செக்எண்ட் 1209600

1209600 என்பது 14 நாளுக்கான நொடிகள். அதற்குள் காலாவதியாகும் என்றால் இக்கட்டளை தோல்விக் குறியீட்டுடன் முடியும். அதைக் கிரோன் என்ற நேர அட்டவணைக் கருவியில் நாளுக்கொரு முறை ஓடவிட்டு, தோற்றால் உங்களுக்குச் செய்தி வரும்படி செய்யுங்கள். திரையில் வரும் நேரம் கிரீன்விச் நேரம். இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த ஆயுள் இன்னும் சுருங்கப்போகிறது. 2029 மார்ச்சிலிருந்து உலாவிகள் ஏற்கும் பொதுச் சான்றிதழ் எதுவும் 47 நாளுக்கு மேற்படக் கூடாது என்று சான்றிதழ் வழங்குநர்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025இல் முடிவெடுத்திருக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் அதற்கு முன்னதாகவே, 2028இல் 45 நாளுக்கு இறங்கத் திட்டமிட்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கொரு முறை ஓடும்படி யாரோ எப்போதோ எழுதி வைத்த கிரோன் வரி உங்கள் சேவையகத்தில் கிடந்தால், அதை இன்றே அழித்துவிட்டு சேர்ட்பொட்டின் சொந்த நேரக்கணிப்பை நம்புங்கள்.

குறைந்தது ஒரு புதுப்பித்தலாவது உங்கள் கை படாமல் நடந்து முடியும்வரை பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே வரும்படி உலாவிக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் என்ற தலைப்பைத் தளத்தில் சேர்க்காதீர்கள். அது இருக்கையில் சான்றிதழ் காலாவதியானால், எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே வரும் வழியையும் உலாவி அடைத்துவிடும்.

தமிழில் ஆள்களப் பெயர் இருந்தால்

.எல்கே போலவே .இலங்கை என்ற தமிழ் மேல்நிலைப் பெயரும் 2010இலிருந்து நமக்கு உண்டு. லெட்ஸ் என்க்ரிப்ட் இத்தகைய பெயர்களுக்கு 2016இலிருந்தே சான்றிதழ் தருகிறது. ஆனால் கட்டளை வரியில் தமிழ் எழுத்துகளை இட்டால் சேர்ட்பொட் ஏற்காது. எக்ஸ், என் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு கோடும் முன்னால் வரும், ஆங்கில எழுத்தும் எண்ணும் கோடும் மட்டுமே கொண்ட பியூனிகோட் வடிவத்துக்கு மாற்றியே தர வேண்டும். ஐடிஎன்2 என்ற சிறு கருவி இந்த மாற்றத்தைச் செய்யும். இன்ஜின்எக்ஸின் சேர்வர்_நேம் வரியிலும் அதே வடிவமே வேண்டும்.

மாற்றும்போது ஒரு தமிழ்ச் சிக்கல் உண்டு. ‘கொழும்பு’ என்ற சொல்லையே எடுங்கள். முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருமைப்படுத்தாமல் மாற்றும் கருவியொன்றில் இட்டால், இரண்டும் வெவ்வேறு பியூனிகோட் பெயர்களாகிவிடும். சான்றிதழ் கேட்கப்பட்ட பெயர் டிஎன்எஸ்ஸில் இல்லை என்ற பிழை வரும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஆவணத்திலிருந்து பெயரைப் படியெடுக்காமல், பதிவகம் உங்களுக்குக் காட்டும் பியூனிகோட் வடிவத்தையே எடுத்து இடுங்கள். கோப்புறையும் அந்த விளங்காத பெயரிலேயே அமையும் என்பதால், --சேர்ட்-நேம் என்பதைச் சேர்த்து உங்களுக்கு விளங்கும் ஒரு பெயரைக் கொடுத்துவிடுவது நல்லது.

80ஆம் போர்ட் கிடைக்காதபோது

வீட்டிலோ கடையிலோ வைத்திருக்கும் இயந்திரத்துக்குச் சான்றிதழ் தேவைப்படலாம். பல வீட்டு இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல சந்தாதாரர்கள் பகிர்வதால், வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் 80ஆம் போர்ட் கண்ணிலேயே படாது. அப்போதும், எல்லாத் துணைப் பெயர்களையும் ஒரு நட்சத்திரக் குறியால் அடக்கும் சான்றிதழ் வேண்டும்போதும், டிஎன்எஸ் வழிச் சோதனையே வழி. _அக்மி-சலஞ்ச் என்ற பெயரில் ஒரு டிஎக்ஸ்டி பதிவு வைத்து மெய்ப்பிப்பது அது. --மனுவல் என்று சொல்லிக் கையால் பதிவை இடலாம். ஆனால் அப்படி எடுத்த சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படாது, ஒவ்வொரு முறையும் நீங்கள் வந்து பதிவை மாற்ற வேண்டும். உங்கள் டிஎன்எஸ் சேவைக்குரிய சேர்ட்பொட் செருகுநிரல் இருந்தால் அதை நிறுவுங்கள். அதற்குத் தரும் திறவுச்சொல் கோப்பை, 600 என்ற அனுமதியுடன், நிர்வாகி மட்டும் வாசிக்கும்படி வையுங்கள். அச்சொல் களவுபோனால் உங்கள் டிஎன்எஸ் முழுவதும் களவுபோனது போல.

பழைய கைத்தொலைபேசிகள்

எல்லாம் சரியாக இருந்தும் ஓரிரு வாடிக்கையாளருக்கு மட்டும் எச்சரிக்கை வருகிறதென்றால், அவர்களின் அண்ட்ரொய்டு பதிப்பைக் கேளுங்கள். 7.1.1க்கு முந்தைய பதிப்புகள் லெட்ஸ் என்க்ரிப்டின் மூலச் சான்றிதழை, அதாவது அதன் மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையானதை, அறியாதவை. இடைக்கால ஏற்பாடொன்றின் துணையால் அவை சில ஆண்டுகள் ஓடின, 2024இல் அதுவும் முடிந்தது. சேவையகத்தில் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. சொந்த மூலச் சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருக்கும் ஃபயர்பொக்ஸை அவர்கள் தொலைபேசியில் நிறுவ முடிந்தால் தளம் திறக்கும்.

திறப்பு வெளியே போனால்

பிரைவ்கீ.பெம் கோப்பு தவறுதலாகப் பொதுக் களஞ்சியத்திலோ மின்னஞ்சலிலோ போய்விட்டால், பார்த்தவர் ஒருவரும் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் உடனே புதிய சான்றிதழை எடுத்துப் பொருத்துங்கள். --ஃபோர்ஸ்-ரினியூவல் அதற்கென்றே உள்ளது. சேர்ட்பொட் இயல்பாக ஒவ்வொரு புதுப்பித்தலிலும் புதிய திறப்பையே உருவாக்கும், --ரியூஸ்-கீ என்று முன்பு சொல்லியிருந்தால் மட்டும் பழையதே தொடரும். புதியது வாசகருக்குக் காட்டப்படுகிறது என்பதை மேலே தந்த ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையால் உறுதிசெய்த பிறகு, ஆர்க்கைவ் கோப்புறையில் எண்ணிட்டுக் கிடக்கும் பழைய சான்றிதழை இரத்துச் செய்யுங்கள்:

சுடோ சேர்ட்பொட் ரிவோக் --சேர்ட்-பாத் /இடிசி/லெட்ஸ்என்க்ரிப்ட்/ஆர்க்கைவ்/உதாரணம்.எல்கே/சேர்ட்1.பெம் --ரீசன் கீகொம்ப்ரமைஸ்

எண் 1 என்பது உங்கள் இயந்திரத்தில் வேறாக இருக்கலாம். இரத்துச் செய்த சான்றிதழின் கோப்புகளை அழிக்கவா என்று சேர்ட்பொட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆம் என்றால் அது புதிய சான்றிதழையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடக்கூடும், அடுத்த முறை இன்ஜின்எக்ஸ் தொடங்கும்போது கோப்பைக் காணாமல் எழும்ப மறுக்கும்.